பெருங்குருகைக் கூப்பிட்டவர்கள்

நாணல்காட்டின் மேற்குக் கரையில் இருந்த தகரக் கொட்டகைதான் வனவுயிர் சங்கத்தின் தலைமையகம். உள்ளே மண்வெட்டிகள், முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸுகள், யாருடையது என்று யாருக்கும் தெரியாத ஒரு குடை. இத்தனைக்கும் மேலே சுவரில் ஒரு அட்டை: 'இங்கே கேட்கலாம், கூப்பிடக் கூடாது.' எழுதி மாட்டியவர் சங்கத் தலைவர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் எல்லாருக்கும் அவர் கண்ணாடிக்காரர். புதிதாக யார் வந்தாலும் அந்த அட்டைக்கு முன்னால் நிறுத்தி விளக்கம் சொல்லாமல் விடமாட்டார்.

விளக்கம் இதுதான். நாணலுக்குள் பெருங்குருகு என்று ஒரு பறவை உண்டு. காய்ந்த நாணலின் நிறம். ஆள் அரவம் கேட்டால் கழுத்தை வானத்துக்கு நீட்டி நாணலோடு நாணலாக நின்றுவிடும். மூக்குக்கு முன்னால் இருந்தாலும் கண்ணில் படாது. இருக்கிறதா இல்லையா என்பதைக் குரலை வைத்துத்தான் சொல்லமுடியும். குளிர் விட்டதும் ஆண் பறவை பெட்டையைக் கூப்பிடும். காலிப் பானையின் வாயில் ஊதினால் வருமே, அந்த மாதிரி ஒரு அடிவயிற்றுக் குரல். அதே குரலை மனிதர் யாராவது பொய்யாகக் கொடுத்தால், இடத்துக்கு வேறொருத்தன் வந்துவிட்டான் என்று நினைத்து, பலம் குறைந்த பறவை மூட்டை கட்டிவிடும். ஆகவே வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைக்க வேண்டும். "இதைவிடச் சுலபமா ஒரு வேலை உலகத்துல உண்டா?" என்று கேட்டு அவரே சிரித்துக்கொள்வார்.

சிரிப்பு வாயோடு சரி. பெருங்குருகின் குரல் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. கடைசியாகக் கேட்டது அவர் மகளுக்குக் கல்யாணமான வருஷம். இப்போது நகராட்சி, கிழக்குக் கரையிலிருந்து பாதிக்கு மேல் மண் கொட்டி மூடி லாரி நிறுத்தம் கட்டப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பாதியை மூடினால் மீதியில் தண்ணீர் நிற்காது என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். பெருங்குருகு அங்கே குடியிருக்கிறது என்று காட்டினால் மட்டும் திட்டத்தைக் கைவிடுவோம் என்று நகராட்சிப் பொறியாளர் சொல்லியிருந்தார். இல்லாத பறவையை எங்கே போய்க் காட்டுவது என்று கண்ணாடிக்காரருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகள் வேறு ஊரில். சாயங்காலம் கடையை இழுத்துப் பூட்டினால் கால் தானாகப் போகிற இடம் அந்தக் கரை ஒன்றுதான்.

சங்கத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தாலும் வேலைக்கு என்று வருகிறவர்கள் மூன்று பேர். கண்ணாடிக்காரர் ஒருவர். இன்னொருவர் சம்பந்தியம்மா. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் முப்பது வருஷம் போர்வைகளோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர். தெரு முனையில் பேசினால் மறுமுனையில் ஜன்னல் சாத்துவார்கள், அப்படி ஒரு நுரையீரல். இந்த அம்மாளின் மகனும் கண்ணாடிக்காரரின் மகளும் சங்கத்தில்தான் பழகினார்கள், பாசி அள்ளப் போன இடத்தில். கல்யாணம் தடபுடலாக நடந்தது. விவாகரத்தும் அதே தடபுடலோடு நடந்தது. "ஒங்க பையன் வெட்டிப்பய" என்று இவர் சொல்ல, "பொண்ண வளத்த லட்சணம் தெரியுது" என்று அந்த அம்மாள் சொல்ல, அன்றோடு பேச்சு நின்றது. சட்டப்படி உறவு முடிந்துவிட்டாலும் ஊரின் வாய் அதை விடவில்லை. சம்பந்தியம்மா சம்பந்தியம்மாவாகவே இருந்தார். சங்கத்தை விட்டு விலக இருவருக்கும் மனசில்லை. ஆகவே நாணல்காட்டைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். மேற்குக் கரை அவருக்கு, கிழக்குக் கரை இந்த அம்மாளுக்கு.

மூன்றாவது ஆள் பஸ் ஓட்டுகிற பொருளாளர். இரண்டு கரைக்கும் சேதி கொண்டுபோவது அவர் தலையில் விழுந்ததாலும், எதையும் இரண்டு வார்த்தைக்கு மேல் சொல்லத் தெரியாததாலும் அவருக்குத் தந்தி என்று பெயர். பெரிய சண்டையைக் கூட "கோவம். வரமாட்டாங்க" என்று முடித்துவிடுவார்.

அந்த வருஷத்தின் முதல் வேலை எப்போதும் போல நாணல் அறுப்பு. பழைய நாணலை ஒரு பகுதி அறுத்தால்தான் புதுக் குருத்து வரும். குளிர்ந்த தண்ணீரில் இடுப்பளவு நின்று, இரண்டு கோஷ்டியும் இரண்டு பக்கத்திலிருந்து அறுத்துக்கொண்டே வந்தார்கள். நடுவில் சந்திக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய கற்றையை அறுக்காமல் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். கண்ணாடிக்காரருக்கு அதில் ஒரு திருப்தி. முகத்தில் முழிக்காமல் தப்பித்தோமே என்ற திருப்தி.

அதே வாரம் ஒரு பெண்மணி வந்தார். பல்கலைக்கழகத்தில் தவளைகளை ஆராய்கிறவர். ஒலிப்பதிவுப் பெட்டி ஒன்றை நாணலுக்கு நடுவே கம்பத்தில் கட்டிவைக்க அனுமதி கேட்டார். வருஷம் முழுக்கத் தவளைக் குரல்களை அது பிடித்து வைக்குமாம். கட்டிக்கொள்ளுங்கள் என்று தந்தி ஒரே வார்த்தையில் சொன்னார். அறுக்காமல் விட்ட அந்தக் கற்றைக்குப் பக்கத்திலேயே பெட்டி ஏறியது. பிறகு அதை எல்லாரும் மறந்துபோனார்கள்.

குளிர் விட்டது. விடியற்காலையில் கரையில் உட்கார்ந்து காது கொடுக்கும் வேலை ஆரம்பித்தது. கண்ணாடிக்காரர் மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு மேற்கில் உட்கார்வார். சம்பந்தியம்மா ஃபிளாஸ்கில் தேநீரோடு கிழக்கில் உட்கார்வார். நடுவில் ஆள் உயர நாணல், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. முதல் நாள் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. "ஒண்ணுமில்ல" என்று கிழக்கிலிருந்தும் தந்தி வந்தது. போன வருஷமும் அதற்கு முந்தைய வருஷமும் இதே கதைதான். ஆனால் இந்த வருஷம் ஒன்றுமில்லை என்றால் அடுத்த வருஷம் கேட்பதற்கு நாணலே இருக்காது.

ஒரு விடியலில் அவருக்குத் தாங்கவில்லை. கடையில் லென்ஸ் துடைக்கும் திரவம் வருகிற பழுப்பு நிறக் கண்ணாடி ஜாடி ஒன்று பையில் இருந்தது. தண்ணீர் குடிக்கத்தான் கொண்டுவந்தேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். அந்தப் பொய் அவரிடமே எடுபடவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஜாடியின் வாயில் உதட்டை வைத்து ஊதினார். மூன்று முறை. கொஞ்சம் விட்டு இன்னொரு முறை. அட்டையில் எழுதிய கை அவருடையது, ஊதிய வாயும் அவருடையது.

நாணலுக்குள்ளிருந்து பதில் வந்தது.

தூரத்தில்தான். ஆனால் சந்தேகமே இல்லை, அடிவயிற்றுக் குரல். கண்ணாடிக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் முட்டியது. அன்று கடைக்கு வந்தவர்களெல்லாம் இவருக்கு என்ன லாட்டரி விழுந்ததா என்று நினைத்திருப்பார்கள். ஒரு கிழவருக்கு வலது கண் லென்ஸை இடதில் மாட்டிக் கொடுத்துவிட்டு, அவர் திரும்பி வந்து திட்டியதைக்கூடச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். பொருளாளரிடம் "கேட்டுச்சு" என்று சொன்னார். தந்தி ஆச்சரியப்படவில்லை. "அங்கயும் கேட்டுச்சாம்" என்றார்.

இரண்டு கரையிலும் கேட்டது என்றால் பறவை நடுவில் இருக்கிறது. அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. எத்தனை மணிக்குக் கேட்டது, எந்தத் திசையிலிருந்து, எப்படி என்று இரண்டு பேரும் ஐந்து நிமிஷம் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியிருந்தால் போதும். பேசத்தான் மாட்டார்களே.

அதன்பிறகு அந்தப் பருவம் முழுக்க அவர் சந்தோஷமாக இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே ஒரு முறைதான் என்று தொடங்கிய பழக்கம் தினசரி ஆகிவிட்டது. அவர் ஊதுவார், பதில் வரும். சில நாள் அவர் ஊதுவதற்கு முன்பே அங்கிருந்து குரல் வரும், இவர் பதில் கொடுப்பார். பதில் வர நேரமானால் பதறுவார். ஒரு வாரம் ஒன்றும் வரவில்லை, சோறு இறங்கவில்லை. சம்பந்தியம்மாவுக்குக் காய்ச்சல் என்று அந்த வாரம் தந்தி சொன்னது ஒரு காதில் விழுந்து மறு காதில் போய்விட்டது. மறுவாரம் குரல் திரும்பி வந்ததும் கரையிலேயே உட்கார்ந்து தேம்பினார். வீட்டில் சுவரோடு பேசிக்கொண்டிருந்த மனுஷருக்கு உலகத்தில் ஒரு ஜீவன் பதில் சொல்கிறதே என்ற நிறைவு அது.

மகள் மட்டும் போனில், அப்பா காது மந்தமாகிக்கொண்டு வருகிறது, ஒரு மெஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்று நச்சரித்தாள். இரண்டு தடவை சொன்னால்தான் காதில் வாங்குகிறீர்கள் என்றாள். பறவைக் குரலே கேட்கிறது, மெஷின் எதற்கு என்று அவர் வாயை அடைத்தார்.

வெயில் காலத்தில் தும்பி கணக்கெடுப்பு, மழைக்கு முன் குப்பை பொறுக்குதல், பறவைகள் கூடு கட்ட வைத்திருந்த மரப்பெட்டிகளைச் சுத்தம் செய்தல் என்று சங்கம் அமர்க்களப்பட்டது. பெருங்குருகு திரும்பிய செய்தி பரவி, பத்துப் பன்னிரண்டு பேர் நாற்பது பேரானார்கள். பொறியாளர் மட்டும் அசையவில்லை. கேட்டது கேட்டது என்று நீங்களே சொன்னால் ஆயிற்றா, எனக்கு ஆதாரம் வேண்டும், வருஷக் கடைசிக் கூட்டத்துக்கு நானே வருகிறேன் என்றார். கண்ணாடிக்காரருக்கு அப்போதுதான் கம்பத்தில் தொங்கும் பெட்டி ஞாபகம் வந்தது. தவளை ஆராய்ச்சியாளருக்கு அவரே போன் செய்து, எங்கள் பறவையின் குரல் அதில் கட்டாயம் இருக்கும், தேடிக் கொடுங்கள் அம்மா, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்று கெஞ்சினார். தன் ஊதலும் அதில் இருக்குமே என்ற யோசனை அவருக்கு வராமல் இல்லை. வந்தது. பறவையின் பதிலும் கூடவே இருக்கும், அதை மட்டும் போட்டுக் காட்டினால் போதும் என்று சமாதானம் செய்துகொண்டார்.

கூட்டம் டயர் கடைக்கு மேலே இருந்த அறையில். எப்போதும் ரப்பர் வாடை அடிக்கும் அந்த அறையில் அன்று நாற்காலி போதாமல் பலர் நின்றார்கள். முன்வரிசையில் பொறியாளர், மடியில் கோப்பு. சுவரோரம் சம்பந்தியம்மா, காலடியில் ஃபிளாஸ்க். ஆராய்ச்சியாளர் ஒலிபெருக்கியை மேஜைமேல் வைத்து, முதலில் நல்ல செய்தி என்று ஆரம்பித்தார். பருவத்தின் தொடக்கத்தில், நாணலுக்கு நடுவிலிருந்து, சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஒரு பெருங்குருகு. இளம் ஆண், குரல் இன்னும் முதிரவில்லை, மெல்லியதுதான், கவனமாகக் கேளுங்கள் என்று பொத்தானை அழுத்தினார்.

பூச்சிகளின் இரைச்சல் வந்தது. கண்ணாடிக்காரர் முன்னால் குனிந்தார். பூச்சி இரைச்சலைத் தவிர எதுவும் இல்லை. ஆனால் சுற்றியிருந்தவர்களின் முகம் ஒவ்வொன்றாக மலர்ந்தது. தந்தியின் வாய் திறந்தபடி நின்றது. ஒருவர் இன்னொருவரின் கையைப் பிடித்தார்.

"கேக்குதா?" என்று ஆராய்ச்சியாளர் அவரைப் பார்த்துக் கேட்டார்.

கண்ணாடிக்காரர் தலையாட்டினார். அவருக்குக் கேட்கவில்லை.

இது எந்தத் தேதி என்று யாரோ கேட்டார்கள். ஆராய்ச்சியாளர் சொன்ன, ஜாடி ஊதுவதற்கு முந்தைய அந்த நாட்களில் கண்ணாடிக்காரர் மேற்குக் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பறவை அவரை வைத்துக்கொண்டே கூப்பிட்டிருக்கிறது. சம்பந்தியம்மா பக்கமோ நெடுஞ்சாலை. விடியலில் லாரி போகிற சத்தத்தில் மெல்லிய குரல் எடுபட்டிருக்காது.

இனிமேல்தான் கெட்ட செய்தி என்றார் ஆராய்ச்சியாளர். மறுபடி பொத்தான். இந்த முறை அறை அதிர்ந்தது. மூன்று முறை, கொஞ்சம் விட்டு இன்னொரு முறை. இது அவருக்கு நன்றாகவே கேட்டது. அதைத் தொடர்ந்து எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு குரல், அந்தப் பருவம் முழுக்க அவரை உயிரோடு வைத்திருந்த குரல்.

"இது ரெண்டும் பறவை இல்ல," என்றார் ஆராய்ச்சியாளர். "மனுஷங்க. பாட்டிலோ ஜாடியோ வெச்சு ஊதறாங்க. ஒருத்தர் மேற்கால, ஒருத்தர் கிழக்கால. முதல் நாள் ஊதினதும் பறவை சத்தத்த நிறுத்திருச்சு. மறுநாள் ஒரே ஒரு தடவ கூப்பிட்டுப் பாத்திருக்கு. ரெண்டு பக்கமும் ஆள் இருக்குன்னு நெனச்சிருக்கும். அதுக்கப்புறம் இல்ல. அப்புறம் பருவம் பூரா இவங்க ரெண்டு பேரும்தான் மாத்தி மாத்திக் கூப்பிட்டுக்கிட்டிருக்காங்க."

அறையில் கொதிப்பு கிளம்பியது. போட்டோ எடுக்க வருகிறவர்களாக இருக்கும் என்றார் ஒருவர். பிடித்துக் கட்டிவைத்து உதைக்க வேண்டும் என்றார் இன்னொருவர். எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் அழுக்கு எதுவும் இல்லை.

சுவரோரத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. சம்பந்தியம்மா எழுந்து நின்றார். அந்தப் பெரிய குரலைக் காணோம்.

"கிழக்கால ஊதினது நான்தான். இந்த ஃபிளாஸ்க்தான். ஒருநாள் அந்தப் பக்கத்துலேந்து குரல் கேட்டுச்சு. விட்டா போயிடுமோன்னு பயந்து பதில் குடுத்தேன். பறவைன்னுதான் நெனச்சேன்."

"அப்ப மேற்கால?" என்று பொறியாளர் கேட்டார்.

அந்த அம்மாள் யாரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அறை காத்திருந்தது. கண்ணாடிக்காரர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். இப்போது எழுந்தால் நாற்பது பேர் முன்னால் மானம் போகும், சங்கம் போகும், கரை போகும். எழுந்திரு என்று மனசு சொன்னது. கால் கேட்கவில்லை. கடைசியில், எனக்குத் தெரியாது என்று சம்பந்தியம்மாவே சொல்லி உட்கார்ந்தார்.

வந்த பறவை போய்விட்டது, கூடு இல்லை, குஞ்சு இல்லை. பொறியாளர் கோப்பை மூடினார். வருத்தம்தான், ஆனால் நான் துரத்தவில்லையே என்று சொல்லிவிட்டுப் போனார். மீதிக் கூட்டம் தன் ஆத்திரத்தைச் சம்பந்தியம்மாமேல் இறக்கியது. விதியை மீறியவரைச் சங்கத்திலிருந்து நீக்கவேண்டும் என்று தீர்மானம் வந்தது. தீர்மானத்தை வாசிக்க வேண்டியது தலைவர். வாசித்தார். குரல் நடுங்கியதை எல்லாரும் பறவை போன துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

படிக்கட்டில் அந்த அம்மாள் அவருக்காக நின்றிருந்தார். கீழே டயர் கடையில் காற்று அடிக்கும் சத்தம். இத்தனை வருஷத்தில் முதன்முறையாக நேருக்கு நேர் பேசினார், அதுவும் மெதுவாக. பக்கத்தில் வந்தால்தான் அவருக்குக் கேட்கும் என்பது தெரிந்தவர் போல இன்னும் ஒரு படி ஏறி நின்றார்.

"ஊதறதுக்கு முன்னால தொண்டையச் செருமறீங்களே, அது பெட்டியில விழுந்திருக்கு. உங்க செருமல் எனக்குத் தெரியாதா, சம்பந்தி?"

அவர் வாயைத் திறந்தார். அந்த அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வேணாம். அங்க சொல்லியிருந்தா சரி. இங்க எனக்கு மட்டும் எதுக்கு?" ஃபிளாஸ்க்கைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "காய்ச்சல்ல கெடந்தப்பகூட, அது தனியாக் கூப்பிட்டுக்கிட்டு இருக்குமேன்னுதான் எனக்குக் கவலை."

பேசிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

குளிர் மறுபடி விட்டது. மகள் நேரில் வந்து, கையோடு இழுத்துக்கொண்டு போய்க் காது மெஷின் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். அது வந்ததிலிருந்து உலகத்தில் இவ்வளவு சத்தம் இருக்கிறதா என்று கண்ணாடிக்காரருக்கு மலைப்பு. கடையில் சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது. வாடிக்கையாளர் மூச்சு விடுவது கேட்டது. சங்கம் கலைந்துவிட்டது, கொட்டகையில் அதன் சாமான்கள் எதுவும் மிச்சமில்லை. அட்டையை மட்டும் யாரும் கழற்றவில்லை. அவருக்கும் கழற்றக் கை வரவில்லை.

ஒரு விடியலில் ஜாடியை எடுத்துக்கொண்டு மேற்குக் கரைக்குப் போனார். கிழக்கே நாணல் இருந்த இடத்தில் செம்மண் மேடு. லாரிகள் பின்னால் வந்து மண்ணைக் கொட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. வற்றிப்போன இந்தப் பக்கத்தில் நாணல் பழுத்து நின்றது. மெஷினில் எல்லாமே கேட்டது: லாரியின் ஹாரன், காய்ந்த நாணல் தாள்கள் உரசுவது, எங்கோ ஒரு தவளை. இனி இங்கே பயந்து ஓட யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். மூன்று முறை ஊதினார். கொஞ்சம் விட்டு இன்னொரு முறை.

லாரிகள் போய் அமைதியாகும் வரை ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகும் உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறி, கடை திறக்கிற நேரம் தாண்டியது. இப்போது அவருக்குக் காது நன்றாகக் கேட்டது. பதில்தான் வரவில்லை.